எழுத்தாளர் ஆற்றுப்படை

நுழையும்முன்

எழுதுவதற்குத் தாளும் எழுதுகோலும் போதும் என்பர். எழுதுபவர் உயிர்வாழ அவை போதா. ஒரு நூல் உருவாகும் காலம் முழுவதும் அதை எழுதுபவரின் அடுப்பு எவ்வாறு எரிகிறது? அச்சேறிய நூலின் வருவாயில் அவருடைய பங்கு எவ்வளவு? அவர் நோயுற்றுக் கிடந்தால் கேட்பார் யார்? இவ்வினாக்களுக்கு வள்ளல்களும் நிதியங்களும் சங்கங்களும் சட்டங்களும் வெவ்வேறு காலங்களில் விடை தர முயன்றன. அம்முயற்சிகளை இக்கட்டுரை அறிமுகப்படுத்துகிறது.

பழைய கையேடு

பத்துப்பாட்டில் சரிபாதி ஆற்றுப்படை நூல்கள். பரிசில் பெற்று மீளும் கலைஞர் ஒருவர், வறுமையோடு எதிரே வரும் மற்றொரு கலைஞரை நிறுத்தி, இன்ன வள்ளலிடம் செல்க, இன்ன வழியே செல்க என்று ஆற்றுப்படுத்துவது அவற்றுள் நான்கன் அமைப்பு. முருகனிடம் ஆற்றுப்படுத்தும் திருமுருகாற்றுப்படை மட்டும் வேறு வகையினது. இவற்றை நாம் இலக்கியமாகவே படித்துப் பழகிவிட்டோம். ஆயினும், அவற்றுள் நடைமுறைச் செய்தி மிகுதி. சிறுபாணாற்றுப்படை, ஓய்மாநாட்டு நல்லியக்கோடனிடம் செல்லும் பாணனுக்கு வழியிலுள்ள ஊர்களை வரிசையாகச் சொல்கிறது. எயிற்பட்டினத்தில் சுட்ட குழல்மீனும் ஆமூரில் நண்டுக் கலவையோடு வெண்சோறும் கிடைக்கும் என்பது வரை கூறிவிடுகிறது. எங்கே உதவி கிடைக்கும், எவ்வாறு அணுக வேண்டும், வழிச்செலவுக்கு என்ன செய்வது என்று இக்காலத்து எழுத்தாளர் அமைப்புகள் வெளியிடும் கையேடுகள் செய்யும் வேலை இதுதான்.

அந்த உதவியின் குறையும் சங்கப் பாடல்களிலேயே பதிவாகியுள்ளது. பெருஞ்சித்திரனார் மலைபல கடந்து அதியமான் நெடுமான் அஞ்சியைக் காணச் சென்றார். அரசன் அவரை நேரிற் காணாமலே பரிசிலை மட்டும் கொடுத்தனுப்பினான். புலவர் அதனை ஏற்கவில்லை. பரிசிலை வாங்கிச் செல்ல வந்த வணிகன் அல்லேன் தான் என்றும், தகுதியறிந்து தந்தால் தினையளவும் தமக்கு இனிது என்றும் அவர் கூறியதைப் புறநானூறு காட்டுகிறது. வீட்டில் பசித்திருக்கும் குடும்பத்தை வைத்துக்கொண்டு இப்படிச் சொல்ல நெஞ்சுரம் வேண்டும். ஆனால், பசித்திருப்பவர் நெஞ்சுரம் காட்டித்தான் தம் மதிப்பைக் காத்துக்கொள்ள முடியும் என்றால், அந்த ஏற்பாட்டில் ஒரு கோளாறு இருக்கிறது. கொடுப்பதும் மறுப்பதும் கொடுப்பவருடைய மனநிலையைப் பொறுத்தவையாக இருந்தன. பரிசில் கேட்கலாம், பரிசிலுக்கு உரிமை கோர முடியாது.

அச்சுக்கு முன்பணம்

அச்சு வந்தபின் வள்ளலின் இடத்திற்குப் படிப்போர் வந்திருக்க வேண்டும். தமிழகத்தில் அந்த மாற்றம் மெல்லத்தான் நடந்தது. உ.வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியை 1887இல் பதிப்பித்தபோது, கும்பகோணம் கல்லூரியில் ஆசிரியராகப் பெற்ற ஊதியம் அப்பணிக்குப் போதவில்லை. திருவாவடுதுறை ஆதீனத்தின் ஆதரவு அவருக்கு இருந்தது. அதனோடு, நூல் வெளிவருமுன்னரே வாங்க உடன்படுவோரிடம் ‘கையொப்பம்’ பெறும் முறையையும் அவர் கையாண்டார். கையொப்பமிட்டோர் அனைவரும் பணம் செலுத்திவிடவில்லை என்பது அவருடைய தன்வரலாற்றைப் படிப்போர் அறிவது. ஆயினும், ஒரு வள்ளலிடம் ஆயிரம் கேட்பதற்கு மாறாக, நூறு பேரிடம் சிறுதொகை கேட்கலாம் என்னும் எண்ணம் அங்கே முளைவிட்டது. 1901இல் பாண்டித்துரைத் தேவர் மதுரைத் தமிழ்ச்சங்கத்தை நிறுவியபோது புலவருக்கு ஆதரவு தருவது ஒரு தனிமனிதரின் கொடை என்பதிலிருந்து ஓர் அமைப்பின் கடமை என்பதை நோக்கி மேலும் ஓர் அடி நகர்ந்தது.

பாரதியாரின் நிலை இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. 1920இல் தம் எழுத்துகளை நாற்பது நூல்களாக, ஒவ்வொன்றும் பதினாயிரம் படிகள் அச்சிடத் திட்டமிட்டு அன்பர்களுக்கு அவர் சுற்றறிக்கை விடுத்தார். அத்திட்டத்தை இன்று படிக்கும்போது வியப்பும் வருத்தமும் ஒருங்கே எழுகின்றன. கணக்குத் தெளிவாக இருக்கிறது, பணந்தான் வரவில்லை. அடுத்த ஆண்டு செப்டம்பரில் அவர் மறைந்தார்.

அதன்பின் நடந்தவை எழுத்துரிமை என்றால் என்ன என்பதைத் தமிழருக்குக் கற்பித்தன. 1931இல் செல்லம்மாள் பாரதி, கணவரின் நூல்களுக்கான உரிமையை நான்காயிரம் ரூபாய்க்குப் பாரதியாரின் தம்பி விசுவநாதனுக்கு விற்றார். பாடல்களை இசைத்தட்டிலும் ஒலிபரப்பிலும் பயன்படுத்தும் உரிமை தனியே பிரிந்து வேறு கைகளுக்குச் சென்று, இறுதியில் திரைப்படத் தயாரிப்பாளர் ஏ.வி. மெய்யப்பனிடம் வந்து சேர்ந்தது. பாரதி பாடலைப் பாடுவதற்கு ஒருவரிடம் அனுமதி பெற வேண்டுமா என்னும் வினா 1948இல் பெருங்கிளர்ச்சியாக எழுந்தது. எழுத்தாளர்கள் ஒன்றுகூடிப் பாரதி விடுதலைக் கழகம் அமைத்தனர். மெய்யப்பன் தம்மிடமிருந்த உரிமையைப் பணம் பெறாமல் விட்டுக்கொடுத்தார். 1949இல் சென்னை மாகாண அரசு பாரதியின் படைப்புரிமையைப் பெற்றது. செல்லம்மாளுக்கும் இரண்டு மகள்களுக்கும் தலா ஐயாயிரம் ரூபாய் வழங்கப்பட்டது. 1955இல் படைப்புகள் மக்கள் அனைவருக்கும் உரியவையாயின.

இவ்வரலாற்றில் எல்லோரும் நல்லெண்ணத்தோடுதான் நடந்துகொண்டனர் எனலாம். ஆயினும், எழுதியவர் உயிரோடிருந்தபோது அவருடைய எழுத்தின் விலையை அவருக்குப் பெற்றுத்தர ஓர் அமைப்பும் இருந்ததில்லை. அத்தகைய அமைப்புகள் பிற நாடுகளில் எவ்வாறு தோன்றின என்பதைக் காண, இலண்டன் நகரின் கடன்காரர் சிறை வரை நாம் செல்ல வேண்டும்.

ஓர் அறிஞரின் சாவு

ஃபிளாயர் சிடென்ஹாம் என்பவர் கிரேக்க மெய்யியலாளர் பிளேட்டோவின் நூல்களை ஆங்கிலத்தில் பெயர்த்தவர். வாழ்நாள் உழைப்பு முழுவதையும் அதற்கே ஈந்தார். உணவு உண்ட கடனைத் தீர்க்க இயலாமல் கைதாகி, 1787இல் முதுமையில் இறந்தார். இச்செய்தி டேவிட் வில்லியம்ஸ் என்னும் சமயப் போதகரை உலுக்கியது. எழுத்தாளருக்கு உதவும் நிதியம் ஒன்று வேண்டும் என்று அவர் நெடுநாள் வற்புறுத்திவந்தார். கேட்டவர்கள் தலையசைத்ததோடு சரி. சிடென்ஹாமின் முடிவுக்குப் பின்னரே பணம் திரண்டது. 1790இல் தோன்றிய அந்நிதியம் பின்னர் அரச இலக்கிய நிதியம் என்னும் பெயர்பெற்று இன்றும் இயங்கிவருகிறது.

கவிஞர் கோல்ரிட்ஜ், நாவலாசிரியர்கள் ஜோசப் கான்ராட், டி.எச். லாரன்ஸ், ஜேம்ஸ் ஜாய்ஸ் ஆகியோர் வெவ்வேறு காலங்களில் இந்நிதியத்தின் உதவியைப் பெற்றனர். பிரெஞ்சுப் புரட்சியின்போது நாடிழந்து இலண்டனில் தங்கியிருந்த சத்தோபிரியாங்குக்கும் உதவி சென்றது. விண்ணப்பிப்பவர் நூல்களை வெளியிட்டவராக இருக்க வேண்டும். இக்கட்டு உண்மையானதாக இருக்க வேண்டும். யாருக்கு எவ்வளவு கொடுத்தோம் என்பதை அவர்கள் காலத்தில் வெளியே சொல்வதில்லை. பெருஞ்சித்திரனார் கேட்ட மதிப்பு ஏறத்தாழ இதுவே.

எனினும், இங்கும் மனவருத்தம் எழாமலில்லை. நிதியத்தின் அலுவலகச் செலவு மிகுதி என்றும், எழுத்தாளரை இரந்து நிற்கும் நிலையிலேயே அது வைக்கிறது என்றும் சார்லஸ் டிக்கன்ஸ் கடுமையாகச் சாடினார். எழுத்தாளரே நடத்தும் மாற்று அமைப்பு ஒன்றைத் தோற்றுவிக்கவும் அவர் முயன்றார், அது நிலைக்கவில்லை. டிக்கன்ஸ் கேட்ட கேள்வி மட்டும் நிலைத்தது.

இந்நிதியத்தைப் பற்றி இன்னொன்று சொல்லத் தோன்றுகிறது. ‘வின்னி த பூ’ என்னும் பொம்மைக் கரடியின் கதைகளை எழுதிய ஏ.ஏ. மில்ன், அக்கதைகளின் வருவாயில் ஒரு பங்கை இந்நிதியத்துக்கு உயில் எழுதிவைத்தார். உலகெங்கும் குழந்தைகள் அந்தக் கரடியைக் கொண்டாடிய பயனாக நிதியத்தின் கருவூலம் நிறைந்தது. அப்பணத்தின் துணையால் எழுத்தாளர்களைப் பல்கலைக்கழகங்களில் அமர்த்தி, மாணவர்களுக்கு நல்ல உரைநடை எழுதக் கற்பிக்கும் திட்டத்தையும் நிதியம் நடத்திவருகிறது. வாங்குபவர் அங்கே வேலை செய்து வாங்குகிறார்.

ஒப்பந்தத்தை உரக்கப் படித்தல்

டிக்கன்ஸ் எழுப்பிய கேள்விக்கு 1884இல் வேறு வகையான விடை ஒன்று கிடைத்தது. வால்டர் பெசன்ட் என்னும் நாவலாசிரியர் ஆசிரியர் சங்கம் ஒன்றை இலண்டனில் நிறுவினார். கவிஞர் டென்னிசன் அதன் முதல் தலைவர். இச்சங்கத்தின் நோக்கம் உதவித்தொகை கொடுப்பதன்று. எழுத்தாளர் கையெழுத்திடப் போகும் ஒப்பந்தத்தை முன்னதாக வாங்கி, தொடர் தொடராகப் படித்து, எந்தத் தொடர் எதைப் பறிக்கிறது என்று சொல்வது.

எளிமையாகத் தோன்றும் இவ்வேலையின் அருமையைக் கையெழுத்திட்டு ஏமாந்தவர்களே அறிவர். பதிப்பகம் நூற்றுக்கணக்கான ஒப்பந்தங்களைக் கண்டது. எழுத்தாளரோ வாழ்நாளில் நாலைந்து ஒப்பந்தங்களே காண்பார். தம் முதல் நூல் அச்சேறப் போகிறது என்னும் மகிழ்ச்சியில் இருப்பவருக்கு எழுத்துகள் கண்ணில் படா. ‘எல்லா உரிமைகளும்’ என்னும் இரண்டு சொற்களுக்குள் மொழிபெயர்ப்பு, திரைப்படம், ஒலிநூல், மின்னூல் ஆகிய அனைத்தும் அடங்கிவிடும் என்பதை அவருக்கு யாரேனும் சொல்ல வேண்டும். அச்சங்கத்தின் உறுப்பினர் இன்றும் தம் ஒப்பந்தத்தை அனுப்பிக் கருத்துப் பெறலாம். நாடகாசிரியர் பெர்னார்ட் ஷா இச்சங்கத்திற்காகப் பல ஆண்டுகள் உழைத்தவர்.

நூற்றிருபது ரூபாய்

பதிப்பாளரிடம் நல்ல ஒப்பந்தம் கேட்பது ஒரு வழி. எழுத்தாளர்களே பதிப்பாளராகிவிடுவது மற்றொரு வழி. அவ்வாறு துணிந்தவர்கள் நமக்கு அண்டையில் இருக்கிறார்கள்.

1945இல் கேரளத்தின் கோட்டயத்தில் பன்னிரண்டு எழுத்தாளர்கள் கூடினர். அவர்கள் திரட்டிய முதல் நூற்றிருபது ரூபாய். திறனாய்வாளர் எம்.பி. பால் தலைவராகவும் சிறுகதையாசிரியர் காரூர் நீலகண்ட பிள்ளை செயலாளராகவும் பொறுப்பேற்க, சாகித்திய பிரவர்த்தக கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. நெசவாளரும் பால் உற்பத்தியாளரும் கூட்டுறவு அமைப்பது நாம் அறிந்தது. எழுத்தாளர்கள் அமைத்தது புதுமை. காரூர் தொடக்கப்பள்ளி ஆசிரியர்; ஆசிரியரின் குறைந்த ஊதியத்தையும் எழுத்தாளரின் இன்னும் குறைந்த வருவாயையும் ஒருசேர அறிந்தவர். கூட்டுறவு என்னும் எண்ணம் அத்தகையவரிடம் தோன்றியதில் வியப்பில்லை.

சங்கத்தின் முதல் வெளியீடு தகழியின் கதைகள். 1949இல் நேஷனல் புக் ஸ்டால் என்னும் விற்பனை நிறுவனத்தையும் சங்கம் வாங்கியது. இந்தச் செயலே அதன் வெற்றிக்குக் காரணம் என்பது என் கருத்து. நூலை அச்சிடுவது எளிது. அச்சிட்டதை ஊர்தோறும் கொண்டுசேர்ப்பது அரிது. எழுத்தாளர் முயற்சிகள் பெரும்பாலும் கிடங்கில் அடுக்கப்பட்ட கட்டுகளோடு முடிந்துவிடுவதற்கு விற்பனையை நினையாமையே காரணம். கோட்டயத்தார் அதை முதலிலேயே நினைத்தனர்.

எழுத்தாளருக்கு வழங்கும் உரிமைத்தொகையில், வழக்கில் ‘ராயல்டி’ என்போமே, அதில் இச்சங்கம் செய்த மாற்றம் பெரிது. நூலின் விலையில் பத்து விழுக்காட்டை ஒட்டி உரிமைத்தொகை வழங்குவதே பதிப்புலகில் பரவலான வழக்கம். இருநூறு ரூபாய் விலையுள்ள நூல் ஐந்நூறு படிகள் விற்றால் எழுதியவர் கையில் சேர்வது பதினாயிரம் ரூபாய். அந்நூலை எழுத அவருக்கு இரண்டு ஆண்டுகள் ஆகியிருக்கலாம். கோட்டயம் சங்கமோ முப்பது விழுக்காடு வரை வழங்கியது. இடையிலிருந்தவருக்குச் சென்ற இலாபத்தை எழுதியவருக்கே திருப்பியதால் இது இயன்றது. தகழி, வைக்கம் முகம்மது பஷீர் போன்றோரின் தலைமுறை மலையாளத்தில் எழுத்தை நம்பி வாழ முடியும் என்னும் நிலையை எட்டியதில் இச்சங்கத்திற்குப் பெரும்பங்கு உண்டு.

அதே காலகட்டத்தில் தமிழில் என்ன நிலை? கோட்டயத்தில் சங்கம் தொடங்கி மூன்றாண்டுகள் கழித்து, அங்கிருந்து வெகுதொலைவில் அல்லாத திருவனந்தபுரத்தில், காசநோயால் புதுமைப்பித்தன் இறந்தார். அவருக்கு வயது நாற்பத்திரண்டு. திரைப்படத்துறையில் பணம் தேடிச் சென்ற முயற்சியும் கைகொடுக்கவில்லை.

கூட்டுறவு முயற்சிக்கும் தளர்ச்சி உண்டு. சங்கத்தின் விற்பனையை வளர்த்தவர்களுள் ஒருவரான டி.சி. கிழக்கேமுறி விலகி 1974இல் தம் சொந்தப் பதிப்பகத்தைத் தொடங்கினார். பின்னாளில் சங்கம் பழைய வலிமையோடு இல்லை. ஆனால், எழுத்தாளருக்கு நல்ல பங்கு கொடுத்துவிட்டும் பதிப்பகம் நடத்தலாம் என்பதை அது ஒருமுறை மெய்ப்பித்துவிட்டது.

தெரியுமா?

நூல்கள் வழங்கல் சட்டத்தின்படி (1954) இந்தியாவில் வெளியாகும் ஒவ்வொரு நூலின் படியையும் கொல்கத்தா தேசிய நூலகத்திற்கும் வேறு மூன்று பொதுநூலகங்களுக்கும் பதிப்பாளர் தம் செலவில் அனுப்ப வேண்டும். அம்மூன்றனுள் ஒன்று 1896இல் திறக்கப்பட்ட சென்னைக் கன்னிமாரா பொதுநூலகம்.

சட்டம் என்னும் துணை

இந்தியாவில் எழுதும் ஒவ்வொருவருக்கும், அவர் எந்தச் சங்கத்திலும் சேராதவராயினும், கிடைக்கும் துணை ஒன்று உண்டு. அது 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம். பன்னிரண்டாம் வகுப்பு மாணவி ஒருவர் தம் குறிப்பேட்டில் ஒரு கவிதை எழுதி முடித்த அந்நொடியிலேயே அதன் உரிமை அவருக்கு உரியதாகிறது. பதிவு செய்ய வேண்டும் என்னும் கட்டாயம் இல்லை. தில்லியிலுள்ள பதிப்புரிமை அலுவலகத்தில் பதிந்துவைத்தால் பின்னாளில் வழக்கு வந்தபோது சான்றாக உதவும், அவ்வளவே. எழுதியவரின் வாழ்நாள் முழுவதும், அவர் மறைந்தபின் அறுபது ஆண்டுகளும் உரிமை நீடிக்கும். முன்பு இது ஐம்பது ஆண்டுகளாக இருந்தது. 1941இல் மறைந்த தாகூரின் படைப்புகளுக்கு உரிமைக்காலம் முடிவுற்ற வேளையில் எழுந்த வேண்டுகோளின் விளைவாகவே அது அறுபதாக நீட்டப்பட்டது.

சட்டத்தின் 19ஆம் பிரிவை எழுத விரும்பும் ஒவ்வொருவரும் ஒருமுறையேனும் படிக்க வேண்டும். உரிமையை மற்றவருக்கு மாற்றித்தருவது எழுத்து வடிவில், கையொப்பத்தோடு இருந்தால்தான் செல்லும், வாய்ச்சொல் செல்லாது. எந்தப் படைப்பு, எந்தெந்த உரிமை, எத்தனை ஆண்டு, எந்த நிலப்பகுதி, எவ்வளவு தொகை ஆகியவை அதில் குறிக்கப்பட வேண்டும். ஆண்டு குறிக்கப்படவில்லையெனில் ஐந்தாண்டுகள் என்றே கொள்ளப்படும். நிலப்பகுதி குறிக்கப்படவில்லையெனில் இந்திய எல்லைக்குள் மட்டுமே என்பது பொருள். உரிமையைப் பெற்றவர் ஓராண்டுக்குள் அதனைப் பயன்படுத்தாவிடில், ஒப்பந்தத்தில் வேறு வகையாகக் கூறப்படாதபோது, அது எழுதியவருக்கே திரும்பிவிடும். எழுதியவர் பக்கம் இவ்வளவு சாய்ந்த ஒரு சட்டப்பிரிவு இருப்பது நம்மில் பலருக்குத் தெரியாது. தெரியாத சட்டத்தால் பயன் குறைவு.

இதழில் கதை வெளியாவதால் மட்டும் அக்கதை இதழுக்குச் சொந்தமாகிவிடாது. இதழில் ஊதியம் பெறும் பணியாளராக இருந்து எழுதியவற்றுக்கும், வேறு உடன்பாடு இல்லாதபோது, இதழ்களில் வெளியிடும் உரிமையே இதழ் உரிமையாளருக்குச் செல்கிறது. நூலாக்கும் உரிமை எழுதியவரிடம் தங்குகிறது. திரைப்பாடல் எழுதுவோருக்கு 2012ஆம் ஆண்டுத் திருத்தம் இன்னும் உறுதியான காப்பைத் தந்தது. பாடல் திரையரங்குக்கு வெளியே ஒலிக்கும்போது கிடைக்கும் தொகையில் கவிஞரும் இசையமைப்பாளரும் தம் பங்கை விட்டுக்கொடுப்பதாக எழுதித்தந்தாலும் அது செல்லாது. பணத்தேவையில் இருப்பவர் எதிலும் கையெழுத்திடுவார் என்பதை உணர்ந்து, அவரை அவருடைய கையெழுத்திலிருந்தே காக்கிறது இத்திருத்தம். மாநிலங்களவையில் இதற்காக வாதிட்டவர் பாடலாசிரியர் ஜாவேத் அக்தர். தொகையைத் திரட்டிப் பங்கிடும் பணியை 1969இல் தொடங்கப்பட்ட இந்திய இசைநிகழ்த்துரிமைச் சங்கம் செய்கிறது.

பொருளிழப்பு மட்டுமே எழுத்தாளரின் இடர் அன்று. எழுதியதற்காகச் சிறைப்படுவோரும் நாடு துறப்போரும் உள்ளனர். அவர்களுக்காகக் குரல் கொடுக்கும் ‘பென்’ அமைப்பு 1921இல் இலண்டனில் தொடங்கியது. அதன் இந்தியக் கிளையை 1933இல் மும்பையில் சோபியா வாடியா நிறுவினார்.

நூலகம் தரும் ஊதியம்

ஒரு நூலகத்தில் ஒரு நாவலை ஆண்டுக்கு நூறு பேர் எடுத்துப் படிக்கிறார்கள் என்போம். நூலகம் வாங்கியது ஒரு படி. எழுதியவருக்குக் கிடைப்பதும் ஒரு படிக்கான உரிமைத்தொகையே. படித்த மற்ற தொண்ணூற்றொன்பது பேரின் கணக்கு என்னாவது? டென்மார்க் 1946இல் இதற்கு ஒரு வழி கண்டது: நூலகத்தில் உள்ள நூல்களுக்காக எழுத்தாளருக்கு அரசு பணம் வழங்கியது. பிரிட்டனில் ஜான் பிராபி என்னும் நாவலாசிரியர் 1951இல், ஒவ்வொரு முறை நூல் எடுக்கப்படும்போதும் ஒரு பென்னி வழங்கலாம் என்றார். கேட்டவர்கள் சிரித்தனர். அவருடைய மகள் பிரிஜிட் பிராபியும் மற்றோர் எழுத்தாளரான மாரீன் டஃபியும் விடாமல் போராடினர். 1979இல் சட்டம் இயற்றப்பட்டு, 1984இல் முதற்பணம் கைக்கு வந்தது. எண்ணத்திற்கும் பணத்திற்கும் இடையே முப்பத்துமூன்று ஆண்டுகள்.

படிப்பவரிடம் அங்கே பணம் வாங்குவதில்லை, அரசே தருகிறது. புகழ்பெற்ற சிலரே முழுத்தொகையையும் எடுத்துக்கொள்ளாதவாறு ஒருவருக்கு ஆண்டுக்கு 6600 பவுண்டு என உச்சவரம்பும் வைக்கப்பட்டது. ஆகவே, கடைகளில் மறக்கப்பட்டு, நூலகங்களில் மட்டும் தொடர்ந்து படிக்கப்படும் முதிய எழுத்தாளருக்கும் ஆண்டுதோறும் ஒரு சிறுதொகை வந்துசேர்கிறது. தொகையைவிட, தம்மை இன்னும் படிக்கிறார்கள் என்னும் செய்தி அவர்களுக்குப் பெரிதாக இருக்கக்கூடும்.

இந்தியாவில் இம்முறை இன்னும் வரவில்லை. ஆனால், நூலக வலிமை நம்மிடம் உண்டு. இந்திய ஒன்றியத்திலேயே முதன்முதலாகப் பொதுநூலகச் சட்டம் இயற்றிய மாநிலம் சென்னை, ஆண்டு 1948, பின்னின்று ஊக்கியவர் எஸ்.ஆர். அரங்கநாதன். வீட்டு வரியோடு சேர்த்துத் தண்டப்படும் நூலக வரி அச்சட்டத்தின் விளைவு. அவ்வரியைக் கொண்டு நூலகங்கள் நூல்களை வாங்குகின்றன. தமிழ்ப் பதிப்பகங்கள் பலவும் ‘நூலக ஆணை’யை எதிர்நோக்கியே எத்தனை படிகள் அச்சிடுவது என்று முடிவு செய்கின்றன. ஆணை தாமதமானால் கவிதை நூல்களே முதலில் நின்றுபோகின்றன.

அரசும் அமைப்புகளும்

நடுவண் அரசின் சாகித்திய அகாதெமி 1954இல் தொடங்கப்பட்டது. இருபத்துநான்கு மொழிகளில் அது விருது வழங்குவதைப் பலரும் அறிவர். தமிழில் முதல் விருது 1955இல் ரா.பி. சேதுப்பிள்ளையின் ‘தமிழின்ப’த்துக்குக் கிடைத்தது. விருதைவிட மொழிபெயர்ப்புப் பணியே அதன் சிறந்த கொடை எனலாம். தகழியின் ‘செம்மீன்’ சுந்தர ராமசாமியின் தமிழில் நமக்குக் கிடைத்தது அதன் வழியாகத்தான். முப்பத்தைந்து அகவைக்கு உட்பட்ட எழுத்தாளருக்கு 2011 முதல் யுவ புரஸ்கார் விருதும், குழந்தை இலக்கியத்திற்குத் தனி விருதும் உள்ளன.

தமிழ்நாட்டரசின் தமிழ் வளர்ச்சித்துறை, நூல் வெளியிட இயலாத எழுத்தாளருக்கு நிதியுதவி அளிக்கிறது. சிறந்த நூல்களுக்குப் பரிசு தருகிறது. அகவை முதிர்ந்த தமிழறிஞருக்கு மாதந்தோறும் உதவித்தொகை வழங்குகிறது. பாரதிக்குப்பின் நூற்றுக்கும் மேற்பட்டோரின் படைப்புகள் நாட்டுடைமையாக்கப்பட்டு, அவர்தம் மரபுரிமையருக்குப் பரிவுத்தொகை அளிக்கப்பட்டுள்ளது. வாழும் எழுத்தாளருக்கு வீடு வழங்கும் ‘கனவு இல்லம்’ திட்டம் 2021இல் அறிவிக்கப்பட்டது. மறைந்தபின் போற்றும் வழக்கத்திலிருந்து இது ஒரு நல்ல விலகல்.

பணமின்றியும் அமைப்புகள் துணைநிற்கின்றன. ஜீவா 1961இல் தொடங்கிய தமிழ்நாடு கலை இலக்கியப் பெருமன்றமும், 1975இல் மதுரையில் தோன்றிய முற்போக்கு எழுத்தாளர் சங்கமும் சிற்றூர்களில் எழுதிக்கொண்டிருந்த பலருக்கு முதல் கேட்போரைத் தந்தன. 1970இல் தொடங்கிய ‘இலக்கியச் சிந்தனை’ மாதந்தோறும் இதழ்களில் வந்த சிறுகதைகளைப் படித்து ஒன்றைத் தேர்ந்தெடுத்தது. தம் கதை தேர்வாயிற்று என்னும் அஞ்சலட்டை, தனிமையில் எழுதுபவருக்கு எத்தகைய ஊக்கம் என்பதை விளக்க வேண்டியதில்லை.

எழுதத் தொடங்கும் மாணவர் செய்துகொள்ளத்தக்கவை மிகச் சில. இதழுக்கு அனுப்பும் படைப்பின் படியொன்றை நாளிட்டு வைத்துக்கொள்ளலாம். அனுப்பிய மடலையும் வந்த விடையையும் அழிக்காமல் காக்கலாம். போட்டிக்கு அனுப்புமுன், பரிசு பெறும் படைப்பின் உரிமை யாருக்கு என்று விதிகளில் எழுதியிருப்பதைப் படிக்கலாம். ஒப்பந்தம் என்று ஒரு தாள் வருமாயின், அதை அன்றைக்கே கையெழுத்திட்டுக் கொடுக்காமல் வீட்டுக்கு எடுத்துச் சென்று, ஆண்டும் நிலப்பகுதியும் தொகையும் குறிக்கப்பட்டிருக்கின்றனவா என்று பார்த்து, விளங்காத வரிகளின்கீழ்க் கோடிட்டு, நூல் வெளியிட்டு அனுபவமுள்ள ஒருவரிடம் அவற்றின் பொருளைக் கேட்கலாம். பதினெட்டு அகவை நிரம்பாதவருக்காகப் பெற்றோரோ காப்பாளரோ கையெழுத்திட வேண்டும். ஆகவே, அவர்களும் அத்தாளை உடனிருந்து படிப்பது நலம்.